பாகுவல்லார் சாகர்

பழுகாமத்தில் இருந்துகொண்டு வியன்னா நகரத்துச் சமையற்காரர் ஒருவரின் சரிதத்தை எழுதப் புகுவது வாசகர் சிலருக்கு நகைப்பை விளைக்கலாம். கீழைத்தேயக் கல்லூரியில் இலக்கணமும் காப்பியமும் கற்பிக்கும் ஒருவன் சொக்கலேற் கேக்கைப் பற்றி என்ன அறிவான் என வினவுவாரும் உளர். அவ்வினா நியாயமானதே. ஆயினும் இதனை எழுதாதொழிய என் மனம் ஒருப்படவில்லை. இச்சரிதத்தை ஒருமுறை பிழைபடச் சொல்லி, அதனால் ஒரு பிள்ளையின் வாழ்வு திசைமாற யான் காரணமானேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன்னர் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாலை வேளைகளில் தமிழ் கற்பித்து வந்தேன். படுவான்கரை வெயிலில் வயலிலும் பாடசாலையிலும் காய்ந்து வந்த பிள்ளைகள் அவர்கள். புணரியலைத் தொடங்கினால் பாதிப்பேர் உறங்கிவிடுவர். அவர்களை எழுப்புவதற்காக எங்கோ படித்த கதைகளைச் சொல்வது என் வழக்கம். அப்படி ஒருநாள் சொன்னதே பிரான்ற்ஸ் சாகரின் கதை.

கதை இதுதான். 1832ஆம் ஆண்டு. ஒஸ்திரியப் பேரரசின் தலைமை அமைச்சரான மெற்றர்னிக் இளவரசரின் மாளிகையில் பெருவிருந்து. வருவோர் யாவரும் பெருமக்கள். அவர்கள் முன்பு சுவைத்தறியாத இனிப்பொன்று வேண்டுமென்பது இளவரசரின் கட்டளை. அன்றைக்கென்று தலைமைச் சமையற்காரர் நோயிற் படுத்துவிட்டார். பொறுப்பு, பயிற்சி தொடங்கி இரண்டாம் ஆண்டிலிருந்த பதினாறு வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் விழுந்தது. அவன் கிடைத்த பொருள்களைக் கொண்டு சொக்கலேற் சேர்ந்த கேக் ஒன்றைச் சுட்டு, அதன்மேல் அப்ரிக்கொட் பழப்பாகைத் தடவி, கரிய கண்ணாடிபோற் பளபளக்கும் சொக்கலேற் மேற்பூச்சை வார்த்து அவைக்கு அனுப்பினான். விருந்தினர் வியந்தனர். சிறுவன் புகழ் பெற்றான்.

அன்று உறங்காமல் கேட்டவன் ஒருவனே. புணர்ச்சி விதிகளில் அவனுக்கு ஒன்றும் ஏறாது. கையெழுத்து மட்டும் அழகாயிருக்கும். சில மாதங்களில் அவன் படிப்பை நிறுத்திவிட்டுக் கொழும்புக்குப் போய்விட்டான். பெரிய விடுதி ஒன்றின் குசினியிற் பாத்திரம் துலக்கும் வேலை என்று செய்தி வந்தது. அவன் தந்தையார் வேளாண்மை செய்பவர். பட்டிருப்புப் பாலத்தடியில் என்னை மறித்து நிறுத்தி, பண்டிதர் ஐயாவின் கதையாலேதான் தம் மகன் சட்டி கழுவப் போனான் என்று நாலுபேர் கேட்கச் சொன்னார். எனக்கு மறுமொழி வரவில்லை. எங்கள் ஊர்த் திரௌபதை அம்மன் கோயிலிற் பாண்டவர் கதையை உருகிக் கேட்போர் நாங்கள். வீமன் விராடனின் மடைப்பள்ளியில் அடுநனாய் ஓராண்டு மறைந்திருந்ததைக் குறைவாகச் சொல்வாரில்லை. சொந்தப் பிள்ளை கரண்டி பிடித்தால் மட்டும் தாங்கிக்கொள்ள முடிவதில்லை. அன்று என் மனமும் அவர் பக்கமே நின்றது என்பதை ஒளிக்காமற் சொல்கிறேன்.

அந்தப் பிள்ளை இப்பொழுது இனிப்புப் பலகாரங்களிலே தேர்ந்த தொழிலாளி. கடந்த சித்திரைப் புத்தாண்டுக்கு ஊர் வந்தவன் என்னையும் காண வந்தான். வந்த இடத்தில், யான் சொன்ன கதை உண்மையல்லாதிருக்கலாம் என்று மெல்லச் சொன்னான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதன் பின்னரே சாகரின் வரலாற்றை ஒழுங்காகத் தேடிப் படித்தேன். தெளிவானவற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

பிரான்ற்ஸ் சாகர் 1816ஆம் ஆண்டு டிசெம்பர் 19ஆம் நாள் வியன்னாவிற் பிறந்தார். நெப்போலியனை வீழ்த்திய அரசர்கள் அந்நகரில் மாநாடு கூடி ஐரோப்பாவின் எல்லைகளைப் பங்கிட்டுக் கலைந்து ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே ஆகியிருந்தது. அம்மாநாட்டை நடத்தியவர் மெற்றர்னிக். அக்காலத்துப் பெருவிருந்துகளில் இனிப்பென்பது நாவுக்கு மட்டும் உரியதன்று, கண்ணுக்கும் உரியது. பாரிஸ் நகரத்து மரி அந்துவான் கரேம் என்னும் பெருஞ் சமையற்கலைஞர் சீனியாலும் மாவாலும் கோயில்களையும் பாழ்மண்டபங்களையும் கட்டி மேசைமேல் நிறுத்தினார். உண்பதற்கன்று, காண்பதற்கு! கரேம் 1833இல் மறைந்தார். அந்த வானளாவிய சீனிக் கோபுரங்களின் காலம் தாழ்ந்துவந்த வேளையிலேதான், தட்டையாய், வட்டமாய், அணியொன்றும் இல்லாததாய் ஒரு கரிய கேக் வியன்னாவில் தோன்றியது.

சாகர் இளமையில் மெற்றர்னிக்கின் சமையற்கூடத்திற் பயிற்சி பெற்றார். பின்னர் எஸ்ற்றர்ஹாசி என்னும் ஹங்கேரியப் பிரபு குடும்பத்தாரிடம் பணிபுரிந்தார். அப்பணி அவரைப் பிரெஸ்பேர்க் நகருக்கும் புடாபெஸ்ற் நகருக்கும் கொண்டுசென்றது. பிரெஸ்பேர்க் இன்று பிராற்றிஸ்லாவா என்னும் பெயரோடு சுலோவாக்கியாவின் தலைநகராய் விளங்குகிறது. டனூப் ஆற்றின் கரையோரமாகவே அவருடைய இளமை கழிந்தது எனலாம்.

1848ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வியன்னாவிற் புரட்சி வெடித்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஐரோப்பாவை ஆட்டிவைத்த மெற்றர்னிக் பதவி துறந்து இங்கிலாந்துக்கு ஓடினார். அதே ஆண்டிற் சாகர் வியன்னாவுக்கு மீண்டு, உயர்தர உணவுப்பொருள்களும் திராட்சை மதுவும் விற்கும் கடையொன்றைத் திறந்தார். ஆண்டானின் மாளிகை வெறுமையானபோது அங்கு எடுபிடியாய் இருந்தவன் தன் பெயரிற் கடை வைத்தான். இவ்விரண்டுக்கும் நேரடித் தொடர்பு உண்டென்று யான் சொல்ல வரவில்லை. ஆண்டு ஒன்றாய் இருப்பது மட்டும் கண்ணிற் படுகிறது. பிரபுக்களின் அடுக்களையில் அடைபட்டிருந்த சுவைகள் காசு கொடுப்பார் எவர்க்கும் கடையிற் கிடைக்கத் தொடங்கிய காலம் அது.

அவருடைய மக்களுள் எடுவார்ட் 1843இற் பிறந்தவர். இவர் அரசவைக்கு இனிப்பு வழங்கிய டெமல் என்னும் பழைய நிலையத்திற் பயின்றார். தந்தையாரின் கேக் இன்றைய வடிவத்தை அடைந்தது மகனின் கையிலே, டெமலின் அடுப்படியிலே என்பது அந்நகரத்தார் கூற்று. 1876இல் எடுவார்ட் ஒரு விடுதியை நிறுவினார். இசைநாடக அரங்கின் பின்புறத்தில், இடிக்கப்பட்ட பழைய நாடக அரங்கு ஒன்று நின்ற நிலத்தில் அது எழுந்தது. அப்பழைய அரங்கிலேதான் 1824இற் செவிப்புலன் இழந்த பேதோவன் தம் ஒன்பதாம் சிம்பொனியை முதன்முதல் அரங்கேற்றினார். அன்று நம் பிரான்ற்ஸ் ஏழு வயதுப் பாலகர்.

எடுவார்ட் 1892இல் இறந்தார். தந்தையார் அப்போதும் உயிரோடிருந்தார்! மகனுக்குப் பின்னும் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1907ஆம் ஆண்டு மார்ச்சு 11ஆம் நாள், வியன்னாவை அடுத்த பாடன் என்னும் ஊரில், தொண்ணூறு வயது நிரம்பிய முதியவராய்ப் பிரான்ற்ஸ் சாகர் கண்மூடினார். எடுவார்டின் மனைவி அன்னா, சுருட்டும் கையுமாய், சிறு புல்டாக் நாய்கள் சூழ, அவ்விடுதியை ஆண்ட பெருமாட்டி. அவருடைய கதை தனிக்கட்டுரைக்கு உரியது.

இனி ஐயத்துக்குரியதற்கு வருவோம். 1832 விருந்துக் கதை எங்கிருந்து வந்தது?

ஆராய்ச்சியாளர் இரண்டு சான்றுகளை முன்வைக்கின்றனர். 1888இல் எடுவார்ட் சாகர் வியன்னாச் செய்தித்தாள் ஒன்றுக்குக் கடிதம் எழுதினார். அக்கேக்கைப் படைத்தவர் தம் தந்தையாரே என்றும், மெற்றர்னிக்கின் சமையற்கூடத்திற் பயிலும் நாளிலே படைத்தார் என்றும் அதிற் கூறினார். நாம் அறிந்த கதைக்கு வேர் அக்கடிதம். மற்றொன்று, 1906இல் தொண்ணூறு வயதினரான பிரான்ற்ஸ் தாமே ஒரு செய்தித்தாளுக்கு அளித்த செவ்வி. அதில் அவர் அந்தக் கேக்கை 1840களுக்கு உரியதாக, தாம் பிரெஸ்பேர்க்கில் வேலைபார்த்த காலத்தில் எழுந்ததாகச் சொன்னார் என்பர். மகன் ஒன்று சொல்ல, செய்தவர் வேறொன்று சொல்கிறார். பழந்தமிழ்ப் புலவர் வரலாறுகளிற் பழகியவனுக்கு இந்நிலை புதிதன்று. நூலாசிரியன் காலம் ஒன்றாக, வழிவந்தோர் அதனை அரசவையோடு முடிச்சுப் போடுவது நம் நாட்டில் எத்தனை முறை நிகழ்ந்துளது! பெருமன்னன் அவையில் அரங்கேறாத காப்பியம் காப்பியமே அன்று என்பது போன்ற மனநிலை வியன்னாவிலும் இருந்தது போலும்.

சொக்கலேற் சேர்த்த கேக்கு வகைகள் பதினெட்டாம் நூற்றாண்டுச் செர்மானியச் சமையல் நூல்களிலேயே காணப்படுகின்றன. ஆகவே முதற் படைப்பென்ற பெருமையும் முழுதும் சாகருக்கு உரியதன்று. கதைப்படியே பார்த்தாலும் ஒரு கணக்குப் பிழை தெரிகிறது: 1832 டிசெம்பர் 19க்கு முன் அவ்விருந்து நடந்திருப்பின் சிறுவனுக்குப் பதினாறு அன்று, பதினைந்தே. இஃது என் தொழிற்குற்றம். வயதென்றால் கூட்டிக் கழித்துப் பாராமல் இருக்க முடிவதில்லை.

இவையெல்லாம் புறச்சான்றுகள். என் மாணவன் கொண்டுவந்ததோ அகச்சான்று. அஃது எந்த நூலிலும் இல்லை. அவனுடைய கையில் இருந்தது.

அக்கேக்கில் அரிது அடியிலுள்ள மாப்பகுதியன்று, மேற்பூச்சே என்றான் அவன். அதன் இயல்பை விளக்கினால் வாசகர்க்கும் விளங்கும். இன்றைய கடைகளிற் கிடைக்கும் வழவழப்பான சொக்கலேற் 1832இல் இல்லை. 1828இல் அம்ஸ்ரடாமில் வான் ஹூற்றன் என்பவர் கொக்கோவிலிருந்து நெய்யைப் பிழிந்தெடுக்கும் பொறிக்கு உரிமை பெற்றார். சுவிற்சர்லாந்தின் பேர்ண் நகரத்து றொடொல்வ் லின்ற் சொக்கலேற்றை நீண்ட நேரம் அரைத்துப் புரட்டி நாவிற் கரையும்படி செய்தது 1879இலேதான். அதற்கு முன் சொக்கலேற் என்பது மணல்போல் நெறுநெறுத்த கட்டி. அதனை வெறுமனே உருக்கி வார்த்தால் அழகாய்ப் படியாது. எனவே சீனிப்பாகின் துணை வேண்டியதாயிற்று.

சாகர் விடுதியார் வீட்டுச் சமையலுக்கென வெளியிட்ட அளவு இது: சீனி 200 கிராம், தண்ணீர் 125 மில்லிலீற்றர், கருஞ்சொக்கலேற் 150 கிராம். சீனியையும் நீரையும் ஐந்து நிமிடமளவு கொதிக்கவிட்டுச் சற்று ஆறவைத்து, சொக்கலேற்றைச் சிறிது சிறிதாய் இட்டுக் கலக்கி, கெட்டிப்படும் வேளையில் இளஞ்சூட்டோடு ஒரே வீச்சில் வார்க்க வேண்டும். பழந்தொழிலாளர் மூன்றையும் சேர்த்துக் கம்பிப் பதம் வரை, அஃதாவது 108 பாகைச் சூடு அளவுக்குக் காய்ச்சி, ஒரு பகுதியைச் சலவைக்கல்லில் ஊற்றித் தட்டையான கத்தியால் வழித்து வழித்துப் பிசைந்து, மீண்டும் பாத்திரத்தில் இட்டுக் கலப்பர். பிசையப் பிசையப் பாகிலுள்ள சீனி கண்ணுக்குப் புலப்படாத நுண்மணிகளாய் உறையத் தொடங்கும். மணிகள் நுண்ணியவாயின் பூச்சு பட்டுப்போல் இருக்கும்; பருத்தாற் சரசரக்கும். குறைவாய்ப் பிசைந்தால் வழிந்தோடும். மிகுத்துப் பிசைந்தாற் பாத்திரத்திலேயே கல்லாகிவிடும். இடையிலுள்ள நேரம் சில நொடிகள். வார்த்தபின் ஓரிரு முறைக்குமேற் கத்தி படலாகாது. பட்டால் ஒளி மங்கும்.

அடியில் அப்ரிக்கொட் பழப்பாகு தடவுவதும் சுவைக்காக மட்டுமன்று. அது கேக்கின் உதிரைக் கட்டி, மேடுபள்ளத்தை நிரவி, மேற்பூச்சை உள்ளே உறிஞ்சவிடாமற் காக்கிறது. ஈரத்தையும் உள்ளே நிறுத்துகிறது. அதனாலேதான் இந்தக் கேக் பல நாள் கெடாமல் நின்று, மரப்பெட்டியில் ஏறி உலகெங்கும் போயிற்று. சீனிக் கோபுரங்கள் மேசையைவிட்டு நகரமாட்டா. சாகரின் கேக் கடல் கடந்தது.

இதனைக் கேட்டபோது என் பெத்தாவின் நினைவு வந்தது. தாயைப் பெற்றவளைப் பெத்தா என்பது எங்கள் பக்கத்து வழக்கு. புத்தாண்டுக்குச் சிப்பிச் சோகி செய்வாள். மாவைச் சிறு உருண்டையாக்கிச் சீப்பிலே அழுத்திச் சிப்பிபோற் சுருட்டி, எண்ணெயிற் பொரித்தெடுத்து, சீனிப்பாகிற் கொட்டிப் புரட்டுவாள். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையே பாகைத் தொட்டு இழுத்து, கம்பி அறுகிறதா நீள்கிறதா என்று பார்ப்பாள். பதம் வந்ததும் அகப்பையை நிறுத்தாமற் சுழற்றுவாள். சிறிது நேரத்திற் கண்ணாடியாய் இருந்த பாகு வெண்பனி பூத்தாற்போல் உறைந்து ஒவ்வொரு சிப்பியையும் தனித்தனியே போர்த்திவிடும். சலவைக்கல்லில் வியன்னாவார் செய்வதும் தாச்சியிற் பெத்தா செய்ததும் ஒரே வினை. பதம் என்னும் சொல் சொல்லையும் குறிக்கும், பக்குவத்தையும் குறிக்கும் என்று ஆண்டுதோறும் வகுப்பிற் கூறுகிறேன்; பக்குவம் விரலில் இருப்பதை அவளிடத்திற் கண்டும் கருதாமற் போனேன்.

மாணவன் தொடர்ந்து சொன்னான். தான் முதல் இரண்டு ஆண்டுகள் தட்டுக் கழுவியதையும் மா சலித்ததையும் முட்டை உடைத்ததையும் அன்றி வேறொன்றும் செய்ததில்லை. மூன்றாம் ஆண்டிலேதான் பாகுச் சட்டியின் அருகில் நிற்கவிட்டார்கள். நூறு முறைக்கு மேற் பூச்சைப் பாழாக்கினான்; அந்தச் சீனியின் விலை சம்பளத்திற் பிடிக்கப்பட்ட நாள்களும் உண்டு. இரண்டாம் ஆண்டுப் பயிற்சிச் சிறுவன் ஒருவன், இளவரசரின் விருந்தன்று, தனியனாய், முன் பழகாத ஒரு பூச்சை முதன்முறையிலேயே பிழையின்றி வார்த்தான் என்று எழுதியவர் பாகு காய்ச்சி அறியாதவர் என்பது அவன் முடிபு. முப்பது வயதை எட்டும் தறுவாயில், பிரெஸ்பேர்க்கில், கை பழுத்த பின்னர்ச் செய்தார் என்றால் நம்பலாம்; அதுவே தனக்கு ஆறுதல் தருவது என்றும் சொன்னான். யான் சொன்ன கதையின்படி பதினாறு வயதிலேயே புகழ் வரவில்லையே என்று தொடக்க ஆண்டுகளில் எத்தனையோ இரவு தன்னைத் தானே நொந்துகொண்டானாம்.

இது கேட்டு யான் தலைகுனிந்தேன். கதை பொய்த்ததற்காக அன்று. வியப்பூட்டுவதற்காக ஓர் இரவைச் சொல்லி, அதன் பின்னால் இருந்த பதினைந்து ஆண்டுகளைச் சொல்லாமல் விட்டதற்காக. பிள்ளைகளை விழிக்கவைக்க அந்த இரவு போதுமாயிருந்தது. அந்தப் பிள்ளையின் உறக்கத்தைக் கெடுக்கவும் அதுவே போதுமாயிற்று.

சாகரின் புகழுக்குப் பின்னர் நேர்ந்ததும் நம் பண்டிதர்களின் சண்டைகளுக்கு இளைத்ததன்று. அன்னா 1930இல் மறைந்தபின் விடுதி நொடித்து 1934இற் கைமாறியது. பேரரான இன்னொரு எடுவார்ட், குடும்பக் கேக்கை விற்கும் உரிமையோடு டெமலிடம் சேர்ந்தார். விடுதியின் புதிய உரிமையாளரும் அதே கேக்கைத் தாமும் விற்றனர். மூலச் சாகர் கேக் என்னும் பெயர் எவர்க்கு உரியது? 1954இல் தொடங்கிய வழக்கு ஒன்பது ஆண்டுகள் நடந்து 1963இல் உடன்பாட்டில் முடிந்தது. பழப்பாகு மேற்பூச்சின் அடியில் மட்டும் இருக்க வேண்டுமா, நடுவே அறுத்து அங்கும் தடவ வேண்டுமா என்பது வழக்கின் ஒரு கூறு. பிரெட்ரிக் ரோர்பேர்க் என்னும் புகழ்பெற்ற எழுத்தாளர் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்னா அம்மையார் காலத்தில் நடுவே அறுக்கும் வழக்கமில்லை என்று சான்றுரைத்தார். பாடபேதம் பற்றி நீதிமன்றத்திற் சொல்லாடிய எழுத்தாளர் வேறெவரும் உளரோ அறியேன். இறுதியில் மூலம் என்னும் சொல் விடுதிக்கு உரியதாயிற்று. அவர்கள் முத்திரை வட்டம், பழப்பாகு இரண்டு படை. டெமலுடையது முக்கோண முத்திரை, பழப்பாகு ஒரு படை. உண்பவர்க்கு இரண்டும் இனிக்கின்றன என்று மாணவன் சொல்கிறான்.

புத்தாண்டுக்கு மறுநாள் அவன் எங்கள் வீட்டுக் குசினியில் ஒரு கேக் செய்தான். முதலில் அதனைச் சொக்கலேற் சுருள்களால் அணிசெய்யவே எண்ணினான். தச்சர் சீவுளியால் இழைக்கும்போது பலகையிலிருந்து சுருண்டு விழும் சீவலைக் கண்டிருப்பீர்கள், அவ்வாறான சுருள். உருக்கிய சொக்கலேற்றைக் கல்லில் மெல்லிதாய்ப் பரப்பி, ஈரப்பளபளப்பு மாய்ந்து விரல் பட்டால் ஒட்டாத நிலையிற் கத்தியைச் சாய்த்துத் தள்ள வேண்டும். மிகக் குளிர்ந்தால் நொறுங்கும், இளகியிருந்தாற் களியாகும். கொக்கோ நெய் உருகுவது ஏறத்தாழ 34 பாகையில். சித்திரை மாதத்துப் பழுகாமமோ அதற்குச் சற்றும் சளைத்ததன்று! கத்தியைத் தள்ளியபோதெல்லாம் சொக்கலேற் சேறாய்க் குவிந்தது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்த சில சுருள்கள் தட்டுக்கு வருமுன் நெளிந்து படுத்தன. வாவிப்பக்கம் காற்று வரும் யன்னலோரமும் பயன்படவில்லை.

அவன் சிரித்துக்கொண்டே எல்லாவற்றையும் வழித்தெடுத்து உருக்கி, சீனிப்பாகு காய்ச்சத் தொடங்கினான். உறைந்த சீனி நம் வெயிலுக்கு அஞ்சுவதில்லை. அப்ரிக்கொட் கிடையாது, அன்னாசி ஜாமைச் சூடாக்கி வடித்துத் தடவினான். சலவைக்கல்லுக்குப் பதிலாக என் மனைவியார் நன்றாய்க் கழுவித் துடைத்த அம்மியைக் காட்டினார். அதனை வணக்கத்தோடு மறுத்து, பெரிய தட்டு ஒன்றின் பின்புறத்தைப் பயன்படுத்தினான். வெப்பமானி கையில் இருக்கவும் விரலாலேயே பாகைத் தொட்டு இழுத்துப் பார்த்தான். பெத்தா பார்த்தது போலவே இருந்தது. பின்பு ஒரே வீச்சில் வார்த்து, கத்தியை இருமுறை ஓட்டிவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றான். பூச்சு மெல்லப் படர்ந்து ஓரத்தில் வழிந்து நின்றது. யன்னலின் கம்பிகள் அதிலே நிழலாடின.

என் குறிப்புப் புத்தகத்தை எடுத்துவந்து, 1832 என்று எழுதியிருந்த இடத்தில் என்பர் என்னும் சொல்லைச் சேர்த்தேன். அடியில் 1840கள், பிரெஸ்பேர்க் என்று குறித்தேன். அவன் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை.

மாலையில் அவன் தந்தையாரும் வந்து திண்ணையில் அமர்ந்தார். பாலத்தடிப் பேச்சை அவரும் எடுக்கவில்லை, யானும் எடுக்கவில்லை. வியன்னாவில் இக்கேக்கோடு சீனி சேர்க்காத பாலாடையை அடித்து நுரையாக்கி வைப்பார்களாம். இங்கு அதற்கீடாக எருமைத் தயிரை அருகில் வைத்தான் மகன். இனிப்பும் புளிப்பும் ஒன்றையொன்று தாங்கும் என்று விளக்கமும் சொன்னான். கிழவர் ஒரு துண்டை உண்டு முடித்தார். இரண்டாவதற்குத் தட்டை நீட்டினார். பின்பு உள்ளே பார்த்து, தயிருக்கு ஊற்றக் கித்துள் பாணி இல்லையா பிள்ளை என்று கேட்டார். மகன் ஒருகணம் கண்ணை மூடித் திறந்துவிட்டு, எழுந்துபோய்ப் போத்தலை எடுத்துவந்து தானே ஊற்றினான்.